பேசுனா என்ன கொறஞ்சிரும்?

இங்க ஆளு வருதா? இல்லேன்னா நான் இருந்துக்கிடுதேன். நீங்க சன்னல் பக்கம் மாறிக்கிடுங்க டீச்சர், காத்து வரும். எனக்கு இந்தக் கம்பி ஓரந்தான் தோது. முன்னால ரெண்டு சீட்டு தள்ளி ஒரு பச்சைச் சேலை தெரியுது பாருங்க, அந்தக் கொண்டை என் கண்ணுல படக்கூடாது. இங்க இருந்தா கம்பி மறைச்சுக்கிடும். அது யாருன்னு பொறவு சொல்லுதேன்.

டீச்சர் இல்லையா? பேங்க்கா? அட பரவாயில்ல. கண்ணாடி போட்டுக்கிட்டு மடியில புஸ்தகம் வச்சிருந்தா எங்க ஊர்ல டீச்சர்தான்.

என் பேரு பிலோமினா. புன்னைத்துறை கடக்கரை. பாளையங்கோட்டையில இன்னைக்கு ஒரு கூட்டம், சண்டை வேண்டாம், பேசித் தீருங்கன்னு. அதுல நான் பேசப் போறேன். ஆமா, நான்தான், மைக்குல. என்ன அப்படிப் பாக்கிய? மீன் ஏலக்காரனையே பேசிப் பேசி வெலைய எறக்க வச்ச வாயி இது. மைக்கு என்ன, கடிச்சா வச்சிரும்?

எந்தச் சண்டைன்னு கேக்கியளா? நல்லாக் கேட்டிய போங்க. டிவியில ராத்திரி பகலா அதத்தானே போடுதான். சரி, நான் சொல்லுதேன், லேசுதான். ஒரு நாட்டுக்காரன் தரைக்குள்ள குழியத் தோண்டி, அணுவ வச்சு என்னமோ செய்யுதான். என்னடே செய்யுதன்னு கேட்டா, கரண்டு எடுக்கேன்ங்கான். அடுத்தவன், இல்ல, நீ குண்டு செய்யுத, கதவத் தொற, உள்ள வந்து பாக்கணும்ங்கான். என் வீட்டுக்குள்ள வந்து பாக்க நீ யாருங்கான் இவன். காட்டாட்டா அடிப்பேன்ங்கான் அவன். இவ்வளவுதான் சங்கதி. கூப்பிட்டு எதிர எதிர உக்கார வச்சா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சு போவும். பேசுனா என்ன கொறஞ்சிரும்? வாயில இருக்க முத்தா உதுந்திரும்? வளந்த ஆம்பளைக, கோட்டு போட்டவனுவ, இது புரிய மாட்டேங்குது.

அணுன்னா எங்களுக்கு ஒண்ணும் புதுசு இல்ல. எங்க ஆளுக கடலுக்குப் போனா, கரைய அடையாளம் பாக்கதே அந்த அணு உலை கோபுரத்த வச்சுத்தான். அதனால என்னைய ஒண்ணும் தெரியாதவன்னு நெனைச்சிராதிய.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னா, எம் மவன் டெரன்ஸ் அங்கதான் இருக்கான். வளைகுடாவுல, ஒரு அரபி முதலாளியோட மீன்புடி போட்டுல. இந்தப் பக்கம் அடிக்கேன்னு சொல்லுதவன், அந்தப் பக்கம் வாடே பாப்போம்னு நிக்கவன், நடுவுல இருக்க தண்ணியில எம் புள்ள வலை போட்டுக்கிட்டு நிக்கான். முந்தாநாத்து அந்தப் பக்கம் ஒரு துறைமுகத்துல குண்டு விழுந்திருக்கு. அதுல இருந்து போன் லைன் போகல. இவன் போட்டு எங்க நிக்குன்னு சொல்லுததுக்கு ஆளு இல்ல. பயம் விட மாட்டேங்குது டீச்சர். வாய் பேசிக்கிட்டே இருந்தா அது கொஞ்சம் அடங்கிக் கெடக்கும். அதான் பேசுதேன். ஒங்களுக்குத் தொந்தரவா இருந்தா சொல்லிருங்க. சொன்னாலும் நிப்பாட்ட மாட்டேன், ஆனா சொல்லிருங்க.

இந்தக் கூட்டம் எப்படி வந்துதுன்னா, எங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு ஆளு அங்க கெடக்கான். பூசை முடிஞ்சு பொம்பளைக எல்லாம் மாதா கெபி முன்னால நின்னு அழுதாவ. நான் சொன்னேன், அழுதா எந்தப் போட்டுக்கு ஆவும், நாலு பேத்துகிட்ட போய்ச் சொல்லுவோம், நம்ம சர்க்கார்கிட்ட சொல்லுவோம், நீங்க ரெண்டு பக்கமும் பழக்கம் உள்ளவிய, நடுவுல நின்னு பேச வைங்கன்னு. பங்குச்சாமியாரு, சரியாச் சொன்ன பிலோமினா, நீயே பேசுன்னுட்டாரு. அன்னைக்கு ஆரம்பிச்சேன். வீடு வீடாப் போனேன். உப்பளத்துல சொன்னேன், பஸ் ஸ்டாண்டுல சொன்னேன். எம்.பி. ஆபீசுக்குப் போன் போட்டுப் போட்டு, அங்க போன் எடுக்குத புள்ள என் குரலக் கேட்டாலே, சொல்லுங்க பிலோமினா அம்மான்னு ஆயிட்டா.

எல்லாரும் ஒடனே சரின்னு சொல்லிருவாவளா? எங்க ஊரு டீக்கடையில கஸ்பார் அண்ணன்னு ஒருத்தரு. டிவிக்கு நேரா ஒரு பெஞ்சு, அதுதான் அவருக்கு ராணுவ ஆபீசு. ஒரே போடு, ஒரு குண்டுல ஆளு அடங்கிரும், பேச்சென்ன வேண்டிக் கெடக்குங்காரு. நான் கேட்டேன்: ஏ அண்ணே, போன கிறிஸ்துமசுக்கு எதிர் வீட்டுப் பயலுவ அணுகுண்டு வெடி வெடிச்சதுக்கே கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்த ஆளு நீரு. ஒம்மப் பேரு சொல்லிக் கூப்புட்டு வெளிய எடுக்கவே மதினிக்கு நெஞ்சு வலி வந்திட்டு. ஒரு ஊரு மேல குண்டு விழுந்தா எந்தக் கட்டிலுக்கு அடியில போவான் அந்த ஊர்க்காரன்? கடை முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரிச்சிட்டாரு. இன்னைக்குக் கூட்டத்துக்கு வேன் புடிச்சு ஆளு ஏத்திக்கிட்டு வாரதே அவருதான். சண்டைக்குப் பேசுத ஆளுல பாதிப் பேரு பயந்தாங்கொள்ளி டீச்சர். அவங்கள வெரட்டக் கூடாது. பக்கத்துல உக்காந்து கேலி பண்ணணும், வந்திருவாவ.

ஒரு டிவிக்காரப் பையன் வந்து, அம்மா நீங்க எந்த நாட்டுப் பக்கம்னான். எம் மவன் புடிச்ச மீன ரெண்டு நாட்டுக்காரனும் திங்கான், முள்ளு ரெண்டு பேத்துக்கும்தான் குத்துது, நான் எந்தப் பக்கத்தச் சொல்ல? அவன் அதப் போடவே இல்ல. நான் அழுதத மட்டும் போட்டான்.

என்ன கேக்கிய? நாம சொன்னா அவ்வளவு தூரத்துல இருக்கவன் கேப்பானான்னா? இதத்தான் எல்லாரும் கேக்காவ. எங்க கரையில மீன் ஏலம் பாத்திருக்கியளா? ஒருத்தி மட்டும் எனக்கு வேண்டாம்னா ஏலக்காரன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். அத்தனை பொம்பளைகளும் கூடைய கவுத்து வச்சு அது மேல உக்காந்துட்டா? வெயில் ஏறும், மீன் கெட்டுப் போவும், அவன் தன்னால கீழ எறங்கி வந்து, என்னக்கா, என்ன வெலைதான் வேணும்னு கேப்பான். இதுவும் அப்படித்தான். நாம கூடைய கவுத்தணும். அதனால நீங்களும் ஒங்க எம்.பி.க்கு ஒரு போன் போடணும். ஒங்க பேங்க்ல நாலு பேத்துகிட்டச் சொல்லணும். குண்டுக்குக் கை தட்டாதிய, பேச்சுக்குக் கை தட்டுங்கன்னு. போடுவேன்னு சொல்லுங்க. சத்தமா. ஆ, அப்படி.

இப்ப அந்தப் பச்சைச் சேலை. நீங்க கேக்கல, ஆனா பாத்துக்கிட்டே இருக்கிய. அவ விக்டோரியா. எனக்குச் சம்மந்தி. எம் மவன் டெரன்ஸ் கட்டுனது அவ மவ ஷீபாவ. பொண்ணு தங்கம். அது எப்படி அந்த வயித்துல பொறந்துச்சோ. அவ வீடும் என் வீடும் முதுகோட முதுகு, நடுவுல ஒரே சுவரு. மருமவன் மேல பாசம் பொங்கி அவளும் கூட்டத்துக்கு வாரா. வரட்டும். பஸ்ஸு சர்க்கார் பஸ்ஸு, நான் என்ன சொல்ல முடியும்.

பேச்சு கெடையாது. ஷீபா உண்டாயிருந்தப்பப் போச்சு. என்னன்னு கேளுங்க. நடுச் சுவர ஒட்டி அவ பக்கத்துல குழி தோண்ட ஆரம்பிச்சா. சொல்லல, கேக்கல. இந்தப் பக்கம் என் கெணறு இருக்கு. ஊர்லயே நல்ல தண்ணி அதுதான். நான் சுவருக்கு இங்கிட்டு நின்னு, என்ன அது குழின்னேன். வீட்டு உபயோகத்துக்குன்னா. என்ன உபயோகம், நான் வந்து பாக்கணும்னேன். என் வீட்டுக்குள்ள வந்து பாக்க நீ யாருன்னா. எப்படி இருக்கு பாத்தியளா? சம்மந்தியப் பாத்து! நான் விடுவேனா? என் கெணத்துல இருந்து சுவர் வழியா ஒரு டியூப் அவ வீட்டுக்குப் போவும், அத அன்னைக்கே உருவிட்டேன். அது சண்டை இல்ல டீச்சர். என் தண்ணி, நான் குடுக்கல, அவ்வளவுதான். பலசரக்குக் கடையிலயும் மீன் வாங்குத வீட்டுலயும் நாலு வார்த்தை சொல்லி வச்சேன். அதுவும் சண்டை இல்ல.

பொறவு சாமியாரு போய்ப் பாத்தாரு. எங்க ரெண்டு பேத்துக்கும் பொது ஆளு அவருதானே. திரும்பி வந்து சொல்லுதாரு, பிலோமினா, அது கக்கூஸ் குழி. ஷீபா புள்ள பெத்துட்டு வரும்போது குத்த வச்சு எந்திரிக்க முடியாதேன்னு, உக்காருத கக்கூஸ் கட்டுதாவ. அதுவும் ஒன் கெணத்துக்குக் கெடுதல் வராம, அடியில சிமெண்டு பூசித்தான் கட்டுதாவன்னாரு.

நல்ல காரியம்தான். நான் இல்லைங்கல. எம் மருமவளுக்குத்தானே. ஆனா அதுக்குள்ள, என் கெணத்துல விசம் வைக்கப் பாக்கான்னு ஊரு முழுக்க நான் சொல்லியாச்சே. சொன்ன சொல்ல எப்படித் திரும்ப எடுக்க? அவ வந்து ஒரு வார்த்தை மொதல்ல பேசட்டும், டியூப மாட்டி விடுதேன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா, டியூப மாட்டட்டும், வந்து பேசுதேன்னா. அதுல நின்னு போச்சு. எம் பேரன் இப்ப சுவரப் புடிச்சு நடக்கான், அந்தப் பேச்சு இன்னும் அங்கயேதான் நிக்குது.

பூசையில சமாதானம் குடுக்கது உண்டுல்ல, ஒங்களுக்குத் தெரியாது, சாமியாரு சொன்னதும் பக்கத்துல இருக்கவியளப் பாத்துக் கை கூப்பி, ஒங்களுக்குச் சமாதானம்னு சொல்லணும். எதிரியா இருந்தாலும் சொல்லணும். அவ எனக்கு நேர் பின்னால வந்து உக்காருவா, வேணும்னே. நான் திரும்ப மாட்டேன். பக்கத்துல இருக்க தூணப் பாத்துக் கும்பிட்டு, ஒனக்குச் சமாதானம்னுருவேன். புன்னைத்துறைக் கோயில்லயே ரொம்பச் சமாதானம் வாங்குன தூணு அதுதான்.

வீட்டுச் சங்கதி எல்லாம் ஷீபா வழியாத்தான். ஷீபா, ஒங்க அம்மைகிட்ட சொல்லு, புள்ளைக்கு எண்ணெய் தேச்சு வெயில்ல காட்டணும்னு. அவ போவா, வருவா. அத்தை, அம்மை சொல்லுதாவ, அது அவியளுக்கே தெரியுமாம். இப்படி. பாவம், அந்தப் புள்ளைக்கு ரெண்டு வாசலுக்கும் நடந்தே காலு தேயுது. இப்ப டிவியில சொன்னான், அந்த ரெண்டு நாட்டுக்காரனும் நேருக்கு நேர் உக்கார மாட்டேன்னு ஆளுக்கு ஒரு ரூமுல இருக்கானுவளாம், நடுவுல ஒரு மூணாவது நாட்டுக்காரன் இங்கிட்டும் அங்கிட்டும் சேதி எழுதுன சீட்டத் தூக்கிக்கிட்டு அலையுதானாம். எனக்குச் சிரிப்பு தாங்கல. சின்னப் புள்ளையளா இவனுவ?

ஏன் டீச்சர் சிரிக்கிய? இருமலா? தண்ணி குடிங்க.

என்னது? இதுவும் அதுவும் ஒண்ணா? நல்லாயிருக்கே. அது நாட்டுப் பிரச்சனை டீச்சர். இது மானப் பிரச்சனை.

நாங்குநேரி வந்திட்டு. இனி நேரா பாளையங்கோட்டைதான். கூட்டத்துல மொதல்ல என்ன சொல்லலாம்னு நெனைச்சிருக்கேன்னா...

இரிங்க. அது அவ போனு. மாதா பாட்டு வச்சிருக்கா. யாரு இந்நேரத்துக்கு? எந்திரிச்சிட்டா. ஏன் எந்திரிக்கா? "கேக்கல ஷீபா, சத்தமாச் சொல்லு"ங்கா. ஷீபாதான். ஷீபாதான் டீச்சர். டெரன்ஸ் கூப்புட்டா ஷீபாவுக்குத்தான் மொதல்ல கூப்புடுவான். எனக்கு ஏன் வரல? என் போனு... செத்துக் கெடக்கு. நேத்துல இருந்து கூட்டத்துக்கு ஆளு கூப்புட்டு கூப்புட்டு சார்ஜ் போயிட்டு. பாவி நான். ஊருக்கெல்லாம் பேசுனேன், எம் புள்ள கூப்புடுத நேரத்துக்கு...

உக்காந்துட்டா. தலைய முன் கம்பியில சாச்சிட்டா. ஏன் சாயுதா? தோளு குலுங்குதே. டீச்சர், நீங்க போய்க் கேளுங்க. ஒரு வார்த்தை. பிலோமினா கேட்டான்னு சொல்ல வேண்டாம்... சொல்லுங்க, சொல்லுங்க, எப்படியும் சொல்லுங்க. எம் மவன் என்ன ஆனான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க. புண்ணியமாப் போவும்.

வந்திட்டியளா. என்ன சொன்னா? சீக்கிரம்.

என்னது? "வேணும்னா அவளே வந்து கேக்கட்டும்"னாளா? நல்லாக் கேட்டியளா, அப்படியேவா சொன்னா? பாத்தியளா டீச்சர் அவ ராங்கிய! பெத்தவ இங்க உசுரக் கையில புடிச்சுக்கிட்டு இருக்கேன், அவ எனக்கு நிபந்தனை போடுதா. அழுதாளா, சிரிச்சாளா? ரெண்டுமா? மூக்க உறிஞ்சிக்கிட்டே சிரிச்சாளா?

இரிங்க. இரிங்க. அப்பக் கெட்ட சேதி இல்ல. கெட்ட சேதியா இருந்தா விக்டோரியா இப்படிச் சொல்ல மாட்டா. எந்தச் சண்டையா இருந்தாலும் வுட்டுட்டு, பஸ்ஸுன்னும் பாக்காம வந்து என்னையக் கட்டிக்கிட்டு விழுந்திருப்பா. எங்க வீட்டுக்காரரு கடலோட போனப்ப மொதல்ல ஓடி வந்தது அவதான். என் அடுப்பு எரியாமக் கெடந்த அத்தனை நாளும் அவ வீட்டுக் கஞ்சியத்தான் நானும் எம் மவனும் குடிச்சோம். கரண்டியால ஊட்டி விட்டா எனக்கு. அவள எனக்குத் தெரியாதா. அப்ப எம் மவன் இருக்கான். இருக்கான் டீச்சர். மாதாவே. எம் புள்ள இருக்கான்.

இந்தாங்க, நீங்க ஏன் அழுதிய. கண்ணாடியத் தொடைங்க.

சரி, சேதிதான் தெரிஞ்சு போச்சே. இனி நான் எதுக்குப் போய் அவகிட்ட நிக்கணும்? வீட்டுக்குப் போனா ஷீபா சொல்லப் போறா. சாயங்காலம் வரைக்கும் பொறுத்தா ஆச்சு. இல்லையா? நீங்க என்ன சொல்லுதிய? ஏன் இப்பப் போய்ப் புஸ்தகத்த விரிக்கிய? இவ்வளவு நேரம் நல்லாத்தானே சிரிச்சிய.

ஆனா என்ன பேசுனான்னு தெரியணுமே. எந்த ஊரு ஹார்பர்ல நிக்கான், கூட இருந்த பயலுவ எல்லாம் இருக்கானுவளா, தின்னானா, தூங்குனானா, அம்மை எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டானா. ஒங்கள இன்னொரு தரம் அனுப்புனா, நல்லாயிருக்கானாம்னு மட்டும் வந்து சொல்லுவிய. அத வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? ஆளு மாத்தி ஆளு சொன்னா எம் புள்ள குரல்ல பாதி வழியிலயே சிந்திப் போவும். மிச்சம் எல்லாம் அவகிட்டதானே இருக்கு.

பாருங்க, பக்கத்துச் சீட்டுல இருந்த கூடையத் தூக்கிக் கீழ வச்சிட்டா. திரும்பிப் பாக்கல. பாக்க மாட்டா, அவளுக்கும் மானம் உண்டுல்ல.

இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க டீச்சர். எம்.பி.க்குப் போன் போடுததை மறந்திராதிய. ஏ கண்டக்டர் தம்பி, டிரைவர மெல்லப் போகச் சொல்லு, ஆளு நடந்து வாரேன்லா.

ஏட்டி விக்டோரியா. அங்கிட்டுத் தள்ளி உக்காரு. எம் மவன் சொன்னத மொதல்ல இருந்து சொல்லு.